ஏபல் கிறம்பின் ஞாயிற்றுக்கிழமைகள்

"உங்கள் தகப்பனார் அந்த இரும்புப் பட்டறையைத் தனி ஆளாகத்தான் தொடங்கினாரா?"

கேட்டவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அந்த வட்டாரத்தின் பழைய கதைகளைச் சேர்த்து ஒரு சிறு புத்தகம் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். மேசையில் அவருடைய ரேப் ரெக்கோடர் பேச்சைப் பதிந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே இலையுதிர்கால மழை. நனைந்த கம்பளி மணம் அவருடைய மேற்சட்டையிலிருந்து அறை முழுக்கப் பரவியிருந்தது.

நான் தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்றேன். மிஸ் கிறம்ப் முதுகை நிமிர்த்தினார். மடியில் கிடந்த கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார்.

"ஓம்," என்றார். "தனி ஆளாகத்தான்."

வாத்தியாருக்கு மிகுந்த திருப்தி. ஏழைப் பையன் ஒருவன் கப்பலேறி வந்து, தனியே போராடி, பெரிய முதலாளியாகி, பேர் பொறித்த அடுப்புகளை நாடெங்கும் அனுப்பிய கதை. யாருக்குத்தான் பிடிக்காது? இரண்டு பிஸ்கட் சாப்பிட்டார், நன்றி சொன்னார், பெட்டியை மூடிக்கொண்டு போனார்.

நான் வாசற்கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தேன். மிஸ் கிறம்ப் இருந்த இடத்திலேயே இருந்தார். அவருடைய கோப்பைத் தேநீரில் மெல்லிய ஆடை படிந்துவிட்டது.

அந்த ஆடை படிந்த கோப்பையைப் பற்றிச் சொல்வதற்கு முன், அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இரும்பு மணக்கிற வீடு

நானும் சிவமும் ரொறொன்ரோவுக்கு வந்து ஒரு குளிர்காலத்தைத் தாண்டியிருந்தோம். சிவம் மட்டக்களப்பு, சைவம். நான் மன்னார், கத்தோலிக்க வேதக்காரி. எங்கள் கலியாணத்துக்கு வந்தவர்களைவிட வராதவர்களே அதிகம். மோர்னிங்சைட்டில் ஓர் அப்பார்ட்மென்ட்டின் ஒற்றை அறையில் குடியிருந்தோம். சிவத்துக்குப் பாண் போடுகிற பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. விடிய வீட்டுக்கு வந்தால் மனிதர் முழுக்கச் சுடு பாண் மணப்பார்.

எனக்கு வேலை எடுத்துத் தந்தவர் எங்கள் கோயிலுக்கு வந்த ஒரு கன்னியாஸ்திரி. "தொண்ணூறு வயசு தாண்டின ஒரு கிழவி. கொஞ்சம் கடுமையான ஆள். பகலிலே கூட இருந்து சமைச்சுக் குடுத்தாப் போதும்," என்றார். பஸ், பிறகு சப்வே, பிறகு ஒரு ஸ்ட்ரீட் கார். இறங்கினால் பழைய செங்கல் வீடுகள் நிறைந்த தெரு.

மிஸ் கிறம்பின் வீட்டை யாரும் சொல்லாமலே அடையாளம் காணலாம். சுற்றிவர ஈட்டி முனை வைத்த கறுப்பு இரும்பு வேலி. வாசலில் சப்பாத்துச் சேறு சுரண்ட ஓர் இரும்புத் தகடு. கதவைத் தட்ட இரும்புச் சிங்கம். உள்ளே போனால் குடை செருகுகிற இரும்புத் தாங்கி, கதவு அடிபடாமல் முட்டுக்கொடுக்கிற இரும்பு நாய்க்குட்டி, இரும்புக் கட்டில், சமையலறையில் அரைச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் இரும்பு அடுப்பு. தூசு துடைத்து முடிந்தால் என் கை மாலைவரை இரும்பு மணக்கும்.

எல்லாவற்றிலும் எங்கோ ஒரு மூலையில் ஒரே பெயர் வார்க்கப்பட்டிருக்கும்: கிறம்ப்.

மன்னாரில் பிறந்தவளுக்கு இது பெரிய அதிசயம். எங்கள் பக்கத்தில் இரும்பை யாரும் நம்புவதில்லை. உப்புக் காற்று வாசல் படலையின் இரும்புக் கொளுக்கியை இரண்டு வருடத்தில் தின்றுவிடும். இரும்பு அழுகிப்போகிற சாமான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே நூறு வருடத்து அடுப்பு நேற்றுச் செய்தது போல நிற்கிறது. ஆனால் தெருவில் பனிக்குக் கொட்டுகிற உப்பு கார்களின் அடியைத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோது, உப்பும் இரும்பும் எங்கே போனாலும் பகைதான் என்று தெரிந்தது.

ஒருநாள் கீழ் அறையில் தட்டையான வட்டக் கல் ஒன்றைக் கண்டெடுத்தேன். பிடி வைத்த வார்ப்பிரும்புக் கல். வெள்ளைக்காரர் அதில் ஏதோ ரொட்டி சுடுவார்களாம். எனக்கு அது தோசைக்கல்லாகத்தான் தெரிந்தது. துரு போகத் தேய்த்து, எண்ணெய் பூசிக் காயவைத்து, மறுநாள் வீட்டிலிருந்து மாவு கொண்டுபோய் ஊற்றினேன். சத்தம் கேட்டு மிஸ் கிறம்ப் கைத்தடியை ஊன்றிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். தோசையைத் தோடம்பழ ஜாம் பூசிச் சாப்பிட்டார்.

"அப்பா இருந்தால் உனக்கு உடனே வேலை தந்திருப்பார், ஜெசி," என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மிஸ் கிறம்ப் என்னோடு பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் என் நினைவுக்குள் அவர் தமிழ் படித்துவிட்டார். அதுவும் எங்கள் ஊர்த் தமிழ். அப்படித்தான் அவர் எனக்குக் கேட்கிறார், அப்படியே எழுதுகிறேன்.

வாயும் கையும்

அவருடைய அப்பா ஏபல் கிறம்ப் இங்கிலாந்தில் பிறந்தவர். விக்டோரியா மகாராணி காலம். தாய், வீட்டுக் கொல்லையில் சிறு உலை வைத்து ஆணி அடித்துக் கொடுத்துப் பிழைத்தவர். இரண்டு ஆண்பிள்ளைகள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து துருத்தி இழுக்கத் தெரியும். தாய் இருமி இருமிச் செத்துப்போக, மூத்தவன் ஏபல் கப்பலேறினான்.

ரொறொன்ரோவில் தெருத்தெருவாகப் போய் ஓட்டைத் தேநீர்க் கேத்தல் அடைத்துக் கொடுத்தார். பிறகு டொன் ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டில். பழைய இரும்பை உருக்கி, மண் அச்சில் ஊற்றி, பொரிக்கிற சட்டியும் இஸ்திரிப்பெட்டியும் வார்த்தார். கொட்டில் பட்டறையாயிற்று. பட்டறை ஒரு தெருவையே பிடித்தது. மேற்கே புல்வெளி நாட்டில் புதிதாகக் குடியேறியவர்களின் வீடுகளுக்கு ரயில் ரயிலாகக் கிறம்ப் அடுப்புகள் போயின.

முதலாளியான பிறகும் மனிதர் மாறவில்லையாம். மத்தியானம் சட்டைப் பையிலிருந்து பாணும் சீஸும் எடுத்துப் பட்டறை வாசலில் நின்றபடியே சாப்பிடுவார். வேறு கடைக்குப் போனால், அங்கே தொங்கும் அடுத்த கம்பனிச் சட்டியை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். நல்ல வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். வெடிப்பு இருந்தால் தொண்டை கட்டியவன் போல் ஒலிக்கும். தொண்டை கட்டிய ஒலி கேட்டால் அன்று முழுக்க நல்ல முகம்.

முதல் மனைவி பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டார். நெடுங்காலம் தனியாக இருந்து, நரைத்த பிறகுதான் மறுபடி கட்டினார். அந்தக் கலியாணத்தில் பிறந்த ஒரே பிள்ளைதான் மிஸ் கிறம்ப்.

"குளிர் காலத்தில ஒவ்வொரு இரவும் ஓர் இரும்புத் துண்டைச் சூடாக்கி, கம்பளித் துணியில சுத்தி, என்ர கால்மாட்டில வைப்பார். வேலைக்காரர் இருந்தவை. ஆனா அதைத் தானேதான் செய்வார். சூடு கூடிப்போச்சோ எண்டு முதலில தன்ர கன்னத்தில வைச்சுப் பார்ப்பார்."

இதைச் சொல்லும்போது அந்தக் கடுமையான கிழவி தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார்.

ஏபல் இருமுவாராம். பட்டறைக்காரர் எல்லோருக்கும் உள்ள இருமல். இரண்டு தெரு தள்ளி வரும்போதே அப்பா வருகிறார் என்று தெரிந்துவிடுமாம்.

கூரை

இனி அந்த மழை நாளுக்கு வருகிறேன்.

நான் கோப்பையை எடுக்கக் குனிந்தேன். மிஸ் கிறம்ப் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஜெசி, நான் அந்த ஆளுக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

"என்ன பொய், மிஸ் கிறம்ப்?"

"அப்பா தனி ஆளாத் தொடங்கேல்லை. அப்பாவின்ர தம்பியும் பிறகு கப்பலேறி வந்து சேர்ந்துதான். சாம். அப்பாவுக்கு வாய், சாமுக்குக் கை. அந்தக் கொட்டிலில முதல் அச்சுப் பிடிச்சதும் அவர்தான், முதல் சட்டி வார்த்ததும் அவர்தான். நீ தோசை சுடுறியே, அந்தக் கல்லும் அவற்ர அச்சாத்தான் இருக்கும்."

நான் எதிரே உட்கார்ந்தேன். இத்தனை நாளில் அந்தப் பெயரை அவர் ஒருமுறையும் சொன்னதில்லை. ஏபல் என்ற பெயரைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு வேதாகமத்து ஆபேல்தான் ஞாபகம் வருவார். ஆபேலுக்கு, அவனைக் கொன்ற அண்ணன் காயீன் ஒருவன் இருக்க வேண்டுமே என்று எப்போதோ வேடிக்கையாக நினைத்ததுண்டு.

"சாம் என்ன செய்தவர்?" என்று கேட்டேன்.

"சாம் ஒண்டும் செய்யேல்லை. அப்பாதான் செய்தவர்."

பட்டறைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்ததாம். உருகிய இரும்புக்குத் தண்ணீர் ஆகாது. ஈரமான அச்சில் ஊற்றினால், அடியில் உள்ள ஈரம் கண்மூடித் திறப்பதற்குள் நீராவியாகி, இரும்பை மேலே தூக்கி எறியும். சாம் அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். கூரையைப் பிரித்தால் வேலை நிற்கும். மேற்கே போகவேண்டிய அடுப்புகள் பனி விழுவதற்குள் ரயிலேற வேண்டும்.

"இந்த ஓடர் முடியட்டும், சாம்," என்றார் ஏபல்.

ஓடர் முடியவில்லை. ஓர் இரவு நல்ல மழை. காலையில் சாம்தான் முதல் அச்சுக்கு ஊற்றினார். இரும்பு எழும்பி முகத்தில் அடித்தது.

இரண்டு கண்ணும் போயின.

தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏபல் தெருவில் ஓடினாராம். அந்த வாரமே கூரை புதிதாகப் போடப்பட்டது. ஓடர் ஒரு பக்கம் கிடந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணனின் காலடிச் சத்தம் கேட்டதும் சாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிறகு சாம் மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோனார். ஏபல் என்ன அனுப்பினாலும் திரும்பி வந்தது. ஒரு புது அடுப்பு அனுப்பினார். மறுநாள் காலை அது கைவண்டியில் வந்து, இந்த ஈட்டி வேலிக்கு வெளியே நடைபாதையில் நின்றது. வேலைக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"இதெல்லாம் நான் பிறக்க முந்தி. பட்டறைப் பழைய ஆக்கள் சொல்லித்தான் தெரியும்," என்றார் மிஸ் கிறம்ப். "நான் கண்ணால கண்டது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்."

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா அவரை நடக்கக் கூட்டிப்போவார். அம்மா வரமாட்டார். பாலத்தைத் தாண்டி, சிறிய வீடுகள் உள்ள ஒரு தெரு. அங்கே ஒரு வீட்டு முகப்பில் ஒரு மனிதர் நாற்காலியில் இருப்பார். முகமெல்லாம் தழும்பு. அப்பா தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஒரு மரத்தடியில் நிற்பார். பேசமாட்டார். பிள்ளையின் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி நடப்பார்.

"அது ஆர் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. எல்லாற்ர அப்பாவும் ஞாயிற்றுக்கிழமையில இப்பிடித்தான் எங்கயும் போய் நிப்பினம் எண்டு நினைச்சன்."

அவருக்கு அப்போது ஆறு வயதிருக்கும். பனி விழத் தொடங்கிய ஒரு ஞாயிறு. அப்பாவுக்கு இருமல் கடுமை. வாயைப் பொத்தக் கைலேஞ்சியை எடுக்கப் பிள்ளையின் கையை விட்டார். பிள்ளை ஓடித் தெருவைக் கடந்துவிட்டது. ஏன் ஓடினார் என்று அவருக்கே தெரியாது.

முகப்பில் இருந்தவர் காலடி கேட்டுத் திரும்பினார். கையை நீட்டி, பிள்ளையின் முகத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தார். நெற்றி, மூக்கு, வாய்க்குக் கீழே நாடி. நாடியில் விரல் நின்றது.

"எங்கட அம்மாவின்ர நாடி," என்றார். பிறகு, "அங்கால நிக்கிற ஆளிட்டப் போய்ச் சொல்லு. குளிருது, வீட்டை போகச் சொல்லு."

பிள்ளை ஓடிவந்து அப்படியே சொன்னது. குளிருது, வீட்டை போகட்டாம்.

அப்பா திரும்பி நடந்தார். பாலத்தின் நடுவே நின்று, கைப்பிடிக் கம்பியில் நெற்றியை வைத்து அழுதார். பெரிய மனிதர் ஒருவர் அழுவதை அந்தப் பிள்ளை அன்றுதான் முதலில் பார்த்தது.

அதற்குப் பிறகு அவர் அந்தத் தெருவுக்குப் போகவே இல்லை. சில குளிர்காலங்கள் கழித்து சாம் இறந்தபோது, கோயிலுக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். மகள் வளர்ந்து விவரம் தெரிந்து கேட்கலாம் என்ற வயதில் அவரும் போய்விட்டார்.

"போ, இனி வராதை எண்டுதான் அப்பா எடுத்துக்கொண்டவர். நான்தான் அந்தச் சொல்லைக் கொண்டுபோய்க் குடுத்தன். சொல் எனக்கு ஞாபகம் இருக்கு. அந்தக் குரல்தான் இல்லை. கோபமாச் சொன்னவரா, அன்பாச் சொன்னவரா? என்ர வயசு முழுக்க அந்தக் குரலைத் தேடுறன், ஜெசி. கிடைக்குதில்லை."

நான் அந்த வசனத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

"என்ன அது?" என்றார்.

"சாம் சொன்னதுதான். எங்கட பாஷையில சொல்லிப் பாத்தன். எங்கட ஆக்கள் ஒருத்தனைத் துரத்தேக்க குளிரைப் பற்றிக் கதைக்க மாட்டினம், மிஸ் கிறம்ப். கோபமெண்டா 'போ' எண்டு மட்டும்தான் சொல்லுவினம். குளிருது எண்டு சொல்லுறது..."

நான் ஆடை படிந்த கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"நீ நல்ல மனசுக்காரி. அதால அப்பிடிக் கேக்குது உனக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்து படுக்கப் போனார்.

ரெலிபோன் புத்தகம்

அன்று சிவத்திடம் சொன்னேன். "இதுக்கென்ன, அந்தச் சாம்ட ஆக்கள் இஞ்சதானே எங்கயும் இருப்பாங்க. ரெலிபோன் புத்தகத்தப் பாருங்கவன்," என்றார். சிவத்துக்கு எந்தக் காரியமும் கஷ்டமாகத் தெரிவதில்லை.

மிஸ் கிறம்ப் சம்மதிக்கவில்லை. "போன் எடுத்து என்ன சொல்ல? உங்கட கிழவனைக் குருடாக்கின ஆளின்ர மகள் கதைக்கிறன் எண்டோ?" அந்தப் பேச்சை அதோடு நிறுத்தச் சொன்னார்.

அந்த மாரிக் குளிரில் அவருக்கு நெஞ்சுச் சளி வந்தது. பிழைப்பாரா என்று டொக்டரே சந்தேகப்பட்டார். எழும்பி உட்கார்ந்த முதல் நாள் சூப் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தப் புத்தகத்தைப் பார்."

கிறம்ப்கள் அதிகம் இல்லை. ஒரு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அடுத்ததில் ஓர் இளம் ஆள், "பழங்கதை எல்லாம் பிக்கரிங்கில இருக்கிற என்ர அன்ரிக்குத்தான் தெரியும்," என்று இலக்கம் தந்தார். அந்த அன்ரியின் பெயர் டோரிஸ். சாமின் பேத்தி.

நான் திக்கித் திக்கி விஷயத்தைச் சொன்னேன்.

டோரிஸின் குரல், மிக மெதுவாக: "அந்தச் சிவப்புத் தொப்பி போட்ட பிள்ளையா? இன்னும் உயிரோட இருக்கிறாவா?"

நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டேன். "மிஸ் கிறம்ப், சின்ன வயசில உங்களிட்டச் சிவப்புத் தொப்பி இருந்ததோ?"

அவர் ஓமென்று தலையை ஆட்டினார்.

பிக்கரிங்

பனி உருகித் தெருவோரம் அழுக்காகக் கிடந்த ஒரு நாள், சிவம் கூட வேலை செய்கிறவரிடம் கார் இரவல் வாங்கி எங்களைக் கூட்டிப்போனார். பிக்கரிங்கில் அப்போது புதுப்புது வீடுகள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். வழி முழுக்க மிஸ் கிறம்ப் கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

டோரிஸ் எழுபது தாண்டியவர். பருத்த உடம்பு, உரத்த குரல். ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்து, மிஸ் கிறம்பின் நாடியைப் பார்த்தார். அவருக்கும் அதே நாடி.

தேநீர் வந்தது. மிஸ் கிறம்ப் குடிக்கவில்லை. நேராகக் கேட்டார். "உங்கட வீட்டில அதைப் பற்றி என்ன கதைச்சவை?"

டோரிஸ் சொன்னார். அவருடைய அப்பா, அதாவது சாமின் மகன், அப்போது வாலிபன். அவர்தான் நாற்காலியைத் தூக்கி முகப்பில் வைப்பவர்.

"ஞாயிற்றுக்கிழமை எண்டா தாத்தா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, வெளியில வை என்னை எண்டு நிப்பாராம். மழையோ காத்தோ, வெளியிலதான். இருந்துகொண்டு, 'நிக்கிறானோ?' எண்டு கேப்பாராம். 'ஓம், நிக்கிறார்' எண்டா பேசாமல் இருப்பாராம்."

"அவருக்கு அப்பா வாறது தெரியுமா?"

"இருமல் கேக்குமே! அண்டைக்கு இருமல் மோசமாம். தாத்தா என்ர அப்பாவுக்குச் சொன்னாராம், 'உவன் பிடிவாதக்காரன். குளிருக்குள்ள நிண்டே சாகப்போறான்' எண்டு. அந்த நேரம்தான் நீங்கள் ஓடி வந்தனீங்கள்."

மிஸ் கிறம்பின் கை கோப்பையை விட்டு விலகியது.

"அடுத்த ஞாயிறும் கோட்டைப் போட்டுக்கொண்டு இருந்தார். 'நிக்கிறானோ?' எண்டார். என்ர அப்பா 'இல்லை' எண்டார். அதுக்கடுத்த ஞாயிறும் அப்பிடியே. பிறகு ஒருநாள் தாத்தா சொன்னாராம், 'வீட்டை போகச் சொன்னன். வர வேண்டாம் எண்டா சொன்னனான்?'"

எங்கோ குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை அதிர்ந்து நின்றது.

"அப்ப ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கலாமே?" மிஸ் கிறம்பின் குரல் உடைந்திருந்தது.

"கூப்பிடமாட்டார். கூரையை அவர் சாகும்வரை மன்னிக்கேல்லை. நான் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன். கோபம் கோபமாத்தான் இருந்தது. ஆனா நாற்காலியும் வெளியிலதான் இருந்தது."

மிஸ் கிறம்ப் கையுறைகளைக் கழற்றினார். இம்முறை திரும்பப் போடவில்லை. மேசையில் கிடந்த அவருடைய முடிச்சு விழுந்த விரல்கள் மேல் டோரிஸ் தன் பருத்த கையை வைத்தார். இருவரும் அழுதார்கள். சிவம் எழுந்து ஜன்னலோரம் போய், தெருவில் எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

யார் யாருக்கு என்ன முறை

அழுகை ஓய்ந்ததும் டோரிஸ் கேக் வெட்டினார். "அப்ப நாங்கள் ரெண்டு பேரும் என்ன சொந்தம்?" என்று தானே கேட்டு, தானே யோசித்து, ஆங்கில முறைப்படி பதிலும் சொன்னார். கசின்; அதிலும் ஒரு படி விலகிய கசின்.

"விலகிய!" என்றார் மிஸ் கிறம்ப். பழைய கடுமை திரும்பிவிட்டது. "போதும் விலகினது. வேற சொல் இல்லையா?"

சிவம் என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

சொன்னேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "தகப்பன்ட தம்பிட மகன் இவவுக்குச் சகோதர முறைதானே. அவர்ட மகள் எண்டா இவவுக்கு மருமகள். அப்ப இவ மாமி. இதுக்கேன் இவ்வளவு யோசினை?"

நான் மொழிபெயர்த்தேன். எங்கள் கணக்கில் விலகல் கிலகல் ஒன்றும் கிடையாது, தகப்பனோடு கூடப்பிறந்தவள் மாதிரித்தான் என்றேன்.

"மாமி," என்று டோரிஸ் சொல்லிப் பார்த்தார். இன்னொருமுறை, உரக்க: "மாமி!"

ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்து, கலியாணமும் கட்டாமல், ஊர் முழுக்க மிஸ் என்றே கூப்பிட வளர்ந்து முதிர்ந்தவர் அவர். ஒரு உறவுப் பெயரால் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. காதோரம் வரை சிவந்துபோனார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் டோரிஸ் ரயிலேறி வருவார். வராத ஞாயிறு போன் வரும். எனக்கு ஞாயிறு லீவு. ஆனாலும் சில நாட்கள் போவேன். இரண்டு பேரும் சீட்டு விளையாடிச் சண்டை பிடிப்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். "மாமி, நீங்கள் களவு விளையாடுறீங்கள்!" என்ற சத்தம் தெருவுக்குக் கேட்கும். உண்மைதான், மாமி களவு விளையாடுவார்.

ரேப் ரெக்கோடர் வாத்தியாரையும் மறுபடி கூப்பிட்டார்கள். "நான் தனி ஆள் எண்டு சொன்னனான், அதை அழியுங்கோ," என்றார் மிஸ் கிறம்ப். பிறகு இரண்டு பெண்களும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து விழுந்து பட்டறைக் கதையைச் சொன்னார்கள். கூரைக் கதையைப் புத்தகத்தில் போடத்தான் வேண்டுமா என்று அந்த மனிதர் தயங்கினார். தகப்பனாருடைய நல்ல பேர் என்றார்.

"போடுங்கோ. ரோட்டில நிண்டவர் எண்டதையும் போடுங்கோ," என்றார் மிஸ் கிறம்ப். "ரெண்டும் சேர்ந்ததுதான் என்ர அப்பா."

இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தார். ஒரு வசந்த காலத்தில், நித்திரையில் போய்விட்டார். டோரிஸும் நானும்தான் சீப்பால் தலை இழுத்து, அவருக்குப் பிடித்த நீலச் சட்டையைப் போட்டுவிட்டோம்.

அடக்கத்துக்கு வந்த பாதிரியார் இளம் பையன். மிஸ் கிறம்பை அவருக்கு அறிமுகமில்லை. கல்லறையடியில் சிறு தாளை வைத்துக்கொண்டு, யார் யார் என்று விசாரித்து எழுதினார். "நீங்கள் அவருக்கு என்ன சொந்தம்?" என்று டோரிஸைக் கேட்டார்.

"அவ என்ர மாமி."

பாதிரியார் பேனையோடு விழித்தார்.

"ஜெசி, எழுத்துக் கூட்டிச் சொல்லு இவருக்கு," என்றார் டோரிஸ், கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

சொன்னேன். அவர் கவனமாக எழுதிக்கொண்டார். செபத்தின் நடுவே அந்த இடம் வந்தபோது கொஞ்சம் தடுமாறி, "டோரிஸின் அன்புள்ள மேமி" என்று வாசித்தார்.

"மாமி," என்றார் டோரிஸ், எல்லோருக்கும் கேட்க.

பாதிரியார் நிமிர்ந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, திருத்தி, மறுபடியும் வாசித்தார்.